பரிமாற்றப் பயணத்துக்குப் பிள்ளையை அனுப்புமுன்: பெற்றோரும் ஆசிரியரும் கேட்டவை

ஐரோப்பிய நாட்டுப் பாடசாலைகள் தங்களுக்குள் மாணவரை மாற்றி அனுப்பி, ஒரு கிழமை அந்த ஊர் வீட்டிலேயே தங்கவைக்கும் வழக்கம் பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் தருபவர் இப்படிப்பட்ட பயணங்களை ஒழுங்குசெய்யும் மொழி ஆசிரியை.

கேள்வி (ஒரு தாய், டோர்ட்முண்ட்): மகள் எட்டாம் வகுப்பு. பிரான்ஸ் பிள்ளை ஒன்று எங்கள் வீட்டில் எட்டு நாள் தங்குமாம், பிறகு இவள் அங்கே போவாளாம். எங்களுக்குச் சின்ன வீடு. முடியாது என்று எழுதிவிடலாமா அக்கா?

பதில்: அவசரப்படாதீர்கள். தனி அறை வேண்டும் என்று பொதுவாகக் கேட்கமாட்டார்கள், தனிப் படுக்கைதான் கேட்பார்கள். மகளின் அறையில் ஒரு மெத்தை, அலுமாரியில் ஒரு தட்டு, காலையில் குளியலறை யாருக்கு எத்தனை மணிக்கு என்ற ஏற்பாடு. இவ்வளவும் போதும்.

ஏன் வீட்டில் தங்க வேண்டும்? 1963 ஜனவரி 22 அன்று ஜெர்மனியும் பிரான்சும் எலிசே ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டு ஜூலையில் பிறந்த பிரெஞ்சு-ஜெர்மன் இளையோர் அலுவலகம் இன்றும் இந்தப் பயணங்களுக்கு உதவிப் பணம் கொடுக்கிறது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரு நாட்டவரின் பிள்ளைகள் ஒரே மேசையில் சாப்பிடட்டும் என்பதுதான் நோக்கம். விடுதியில் தங்கினால் அந்த மேசை கிடைக்காது.

இரவு வேலை, வீட்டில் நோயாளி என்று உண்மையான தடை இருந்தால் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். இரவில் வேறு வீடு, பகலில் இரண்டு நேரச் சாப்பாடு உங்கள் வீட்டில் என்று பிரித்துக்கொள்ள வழியுண்டு. படிவத்தை நிரப்பாமலே வைத்திருந்து கடைசி நேரத்தில் விலகுவதுதான் பெரிய தொல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இணை இல்லாமல் போய்விடும்.

கேள்வி (அதே தாய்): இணை சேர்க்கும் படிவத்தில் பொழுதுபோக்கு, செல்லப்பிராணி, ஒவ்வாமை என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார்கள். நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் கூட்டி எழுதலாமா?

பதில்: கூடவே கூடாது. இணை சேர்க்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது ஒவ்வாமையும் வீட்டு மிருகங்களும். பூனை ஆகாத பிள்ளையை இரண்டு பூனை உள்ள வீட்டில் விட்டால் முதல் இரவே மூச்சு இழுக்கும். அடுத்தது படுக்கை வசதி, வீட்டிலிருந்து பாடசாலைக்கான தூரம். பொழுதுபோக்கு கடைசியில்தான் வரும். குதிரை ஓட்டம் பிடிக்கும் என்று அழகுக்கு எழுதினால் சனிக்கிழமை முழுக்கக் குதிரை லாயத்தில்தான் நிற்க வேண்டிவரும். தூக்கத்தில் நடப்பது, படுக்கை நனைவது, தினசரி மாத்திரை போன்றவற்றைப் படிவத்தில் போடாமல் மூடிய உறையில் ஆசிரியரிடம் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைத்த விஷயம்தான் நள்ளிரவில் தொலைபேசி அழைப்பாக வரும்.

கேள்வி (ஒரு தந்தை, மியூனிக்): நாங்கள் சைவம். பையன் ஸ்பெயின் போகிறான். "வெஜிடேரியன்" என்று எழுதினால் போதும்தானே?

பதில்: போதாது. இறைச்சி இல்லை என்றால் சூரை மீன் போட்ட சலாட் வரலாம், பொடியாக நறுக்கிய பன்றித் தொடைத் துண்டு தூவிய சூப்பும் வரலாம். அந்த வீட்டாருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது. ஆகாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், கணவாய், இறால், இறைச்சிச் சாறு, ஜெலட்டின். அதற்குக் கீழே ஆகும் பொருட்கள்: பால், பாலாடைக்கட்டி, பருப்பு வகை, முட்டை (சாப்பிடுவீர்கள் என்றால்). ஸ்பானிய மொழியில் ஆசிரியரைக் கொண்டு ஒரு சிறு அட்டையில் எழுதிப் பையன் பையில் வையுங்கள். பொதியிட்ட உணவில் 14 ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். ஆனால் ஜெலட்டின் அந்தப் பட்டியலில் இல்லை. இனிப்பு வாங்கும்போது உட்பொருளை முழுதாக வாசிக்கப் பழக்குங்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் சொல்லிவையுங்கள். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு, இரவு ஒன்பதுக்கு மேல். ஜெர்மன் வீடு பலவற்றில் இரவில் அடுப்பே மூட்டமாட்டார்கள், ரொட்டியும் சீஸும்தான். பின்லாந்தில் பாடசாலையே இலவசமாகச் சூடான மதிய உணவு தரும், 1948 முதல் அது நடைமுறை. நோர்வேயில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் ரொட்டிப் பொதிதான். தெரியாமல் போகும் பிள்ளை "எனக்குச் சோறே போடவில்லை" என்று அழைத்து அழும், பாவம் அந்த வீட்டார்.

கேள்வி (ஒரு தாய், ஸ்டுட்கார்ட்): எங்கள் மகளிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் ஜெர்மன் வதிவிட அனுமதியும் இருக்கின்றன. வகுப்பு டப்ளின் போகிறது. இவளுக்கு மட்டும் விசா எடுக்க வேண்டுமா?

பதில்: தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஷெங்கன் நாடுகளுக்குள் என்றால் கடவுச்சீட்டும் வதிவிட அனுமதியும் போதும். அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. 1994 நவம்பர் 30 அன்று எடுத்த ஒன்றிய முடிவு ஒன்று இதற்கு வழி திறந்திருக்கிறது: ஒன்றிய நாட்டில் வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளை, ஆசிரியரோடு வகுப்பாகப் போகும்போது "பயணிகள் பட்டியல்" ஒன்றில் பெயர் இருந்தால் தனி விசா வேண்டாம். ஜெர்மனியில் அதைச் ஷூலர்சாமல்லிஸ்டே என்பார்கள்.

பாடசாலைதான் நிரப்ப வேண்டும், நீங்கள் அல்ல. எங்கே, எந்த நாட்களில், எதற்காகப் போகிறார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகம் முத்திரை குத்தினால்தான் செல்லும். அந்த அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே கிழமைகள் ஆகலாம், ஆகவே பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆசிரியரை நெருக்குங்கள். முத்திரைக்குப் பிறகு பெயர் சேர்க்கவோ திருத்தவோ கூடாது. பட்டியலின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும், நகல் உதவாது.

இன்னொன்று, நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் சிக்கல். பாடசாலைப் பதிவில் ஒரு பெயர் வரிசை, கடவுச்சீட்டில் இன்னொன்று. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பத்தோடு ஆசிரியர் விமானச் சீட்டு எடுத்துவிடுவார். கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்து எப்படியோ, சீட்டிலும் பட்டியலிலும் அப்படியே. சீட்டு எடுக்கும் முன்பே அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, பாரிஸ் புறநகர்): எங்கள் பாடசாலை இங்கிலாந்து போகிறது. என்னென்ன கடதாசி?

பதில்: பிரான்சுக்கு ஒரு சலுகை உண்டு. 2023 டிசம்பர் 28 முதல், 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஐந்து மாணவராவது சேர்ந்து போகும் பிரெஞ்சுப் பாடசாலைக் குழு, பாடசாலை நிரப்பும் ஒரு படிவத்தோடு போகலாம். பிரெஞ்சுப் பிள்ளைக்கு அடையாள அட்டை போதும். விசா தேவைப்படும் நாட்டுப் பிள்ளைக்கு அந்தக் குழுவில் விசா வேண்டாம், ஆனால் கடவுச்சீட்டு வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதிப் படிவமும், கையெழுத்திட்டவரின் அடையாள ஆவண நகலும் கட்டாயம். 2017 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்த விதி அது. மற்ற நாட்டுப் பாடசாலைகள் தங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டறியாமல் நாள் குறிக்க வேண்டாம்.

கேள்வி (ஒரு தாய், ரோட்டர்டாம்): ஐரோப்பியச் சுகாதார அட்டை இருந்தால் வேறு காப்புறுதி வேண்டாம்தானே?

பதில்: அந்த அட்டை அரச மருத்துவத்துக்கு மட்டும். தனியார் மருத்துவமனை, கால் உடைந்து திரும்பக் கொண்டுவரும் செலவு, தொலைந்த பை, உடைத்த சாளரம் எதுவும் அதில் அடங்காது. ஒன்றியக் குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு டென்மார்க், நோர்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன், சுவிஸ் ஆகிய நாடுகளில் அந்த அட்டை பொதுவாகச் செல்லாது. பாடசாலை எடுக்கும் குழுக் காப்புறுதியில் மருத்துவம், திருப்பி அழைத்துவருதல், பிள்ளை பிறருக்கு ஏற்படுத்தும் நட்டம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியர், லியோன்): எங்களுடையது சிறிய பாடசாலை, முதல் தடவை. ஐரோப்பிய ஒன்றியம் கல்விப் பயணங்களுக்குக் கொடுக்கும் எராஸ்முஸ் பிளஸ் பணத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: அங்கீகாரம் பெறும் நீண்ட பாதையை விட்டுவிட்டு, குறுகிய காலத் திட்டத்தில் தொடங்குங்கள். 6 முதல் 18 மாதம், அதிகபட்சம் 30 பேர். கூடப் போகும் ஆசிரியர்கள் அந்த முப்பதில் சேரமாட்டார்கள். முதலில் ஒன்றியத்தின் இணையக் கணக்கு, பிறகு பாடசாலைக்கு E எழுத்தில் தொடங்கும் நிறுவன எண். உங்கள் பாடசாலைக்கு யாரோ பழைய அதிபர் காலத்தில் எடுத்த எண் ஏற்கெனவே இருக்கக்கூடும், தேடிவிட்டுப் பதியுங்கள். இரண்டு எண் ஆகிவிட்டால் தலைவலி. விண்ணப்பத்தை முடிக்கும் நாள் வழக்கமாகப் பிப்ரவரியில், பிரசல்ஸ் நேரம் நண்பகல் 12. நள்ளிரவு என்று நினைத்துத் தவறவிடுபவர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. போர்த்துக்கலில் அது காலை 11 மணி.

மாணவர் குழுப் பயணம் 2 முதல் 30 நாள், குழுவில் குறைந்தது இரண்டு மாணவர். விண்ணப்பத்தில் எழுத வேண்டியது எதைப் பார்ப்பார்கள் என்று அல்ல, வரவேற்கும் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து என்ன செய்வார்கள் என்று. திங்கள் அருங்காட்சியகம், செவ்வாய் கோட்டை, புதன் படகு என்று நிரல் போட்டால் சுற்றுலா என்று புள்ளி குறைத்துவிடுவார்கள். நியாயமும் அதுதான்.

பணம் தூரக் கணக்கில் வரும். 2024 வழிகாட்டியில் 500 முதல் 1999 கிலோமீட்டர் வரை ஆளுக்கு 309 யூரோ, ரயில் அல்லது பேருந்தில் போனால் 417. ஒருவழித் தூரத்தைத்தான் அளப்பார்கள், தொகை போய்வரும் பயணம் முழுதுக்கும். லியோனிலிருந்து டோர்ட்முண்ட் இந்தப் பிரிவில் விழும். எதிர்ப்பக்கப் பாடசாலையின் வருகைக்கு உங்கள் பணத்தில் பங்கில்லை, அவர்கள் எராஸ்முஸ் பணத்தைக் கையாளும் தங்கள் நாட்டு முகவரகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இதை முதல் நாளே இரு பக்கமும் பேசிக்கொள்ளாவிட்டால், ஒரு பக்கம் போய்வந்ததோடு பரிமாற்றம் நின்றுபோகும்.

கேள்வி (ஓர் ஆசிரியை, பேர்கன்): கலாசார மாலைக்கு ஒவ்வொரு நாடும் இருபது நிமிடம் படங்காட்டிப் பேசுவதாகத் திட்டம். பிள்ளைகள் தூங்கிவிடுவார்களோ?

பதில்: தூங்குவார்கள். கொடி, தலைநகர், மக்கள்தொகை எல்லாம் கைபேசியில் கிடைக்கிறது. இரண்டு பேர் கை சேர்ந்தால்தான் முடியும் ஒரு வேலையைக் கொடுங்கள்.

பல்கேரியா, ருமேனியா பாடசாலைகளோடு மார்ச் மாதம் சந்திப்பு என்றால் மார்த்தெனித்சா இருக்கிறது. மார்ச் 1 அன்று சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக் கட்டும் நூல், 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம் ஊர்க் கயிறு திரிப்பு மாதிரிதான். ஒரு சோடிக்கு 60 சென்டிமீட்டர் சிவப்பு நூல், அதே நீளம் வெள்ளை. இரண்டையும் சேர்த்து முனைக்கு ஒருவராக இழுத்துப் பிடித்து, இருவரும் தத்தம் வலப்பக்கம் முறுக்க வேண்டும். தளர்த்தினால் நூல் தானே சுருளும் அளவு வந்ததும், நடுவில் ஒரு விரல் வைத்து மடித்து முனைகளைச் சேர்த்துவிட்டால் தானாகப் பின்னிக்கொள்ளும். முறுக்கு போதாவிட்டால் தொளதொளவென்று இருக்கும். மடிக்கும் முன் ஒருவர் கைவிட்டால் எல்லாம் சிக்கு. சரியாக அங்கேதான் "பிடி, விடாதே, இழு" என்ற சொற்கள் எதிர்மொழியில் வாய்க்கு வருகின்றன. மெல்லிய தையல் நூல் கொடுத்துவிடாதீர்கள், கம்பளி நூல் வேண்டும்.

பிரான்ஸ் என்றால் பெப்ரவரி 2, ஷான்தலர் என்ற திருநாள், தோசை மாதிரி மெல்லிய கிரேப் சுடும் நாள். 250 கிராம் மா, 4 முட்டை, அரை லீட்டர் பால், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. ஒரு மணி நேரம் ஊறவிட்டால் ஏறக்குறைய 15 வரும். முப்பது பேருக்கு இரட்டிப்பு. ஒரு கிரேப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு சட்டியில் முப்பதுக்கும் ஒரு மணி நேரம், மூன்று சட்டி வைத்தால் இருபது நிமிடம். எல்லாரும் சொதப்பும் இடம் இதுதான்: சமையல் குறிப்பு சரியாக இருக்கும், சட்டிக் கணக்கு இருக்காது, கடைசிப் பத்துப் பேர் பசியோடு நிற்பார்கள். தோசை சுட்டுப் பழகிய பிள்ளை இருந்தால் ஒரு சட்டிக்குப் பொறுப்பாக்குங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, ஆர்ஹூஸ்): என் மகன் டென்மார்க் பாடசாலையிலிருந்து போகிறான். அவன் டேனிஷ் கலாசாரத்தைக் காட்டுவதா, தமிழையா?

பதில்: அவன் வாழும் ஊரை. அந்த ஊரில் சைக்கிளில் பாடசாலை போவதும் இருக்கிறது, வீட்டில் புட்டு அவிப்பதும் இருக்கிறது. "நீ தமிழ் நடனம் ஆடு" என்று ஆசிரியர் அவனை மட்டும் தனியாக மேடையேற்றினால் மறுக்க அவனுக்கு உரிமை உண்டு. ஆசையாகச் செய்தால் வேறு விஷயம். வரும் இணைப் பிள்ளை உங்கள் வீட்டில் தங்கும்போது காரத்தை மூன்றில் ஒரு பங்காக்குங்கள், அதோடு வழக்கமாக எப்படிச் சாப்பிடுவீர்களோ அப்படியே. அவனுக்காக எட்டு நாளும் பீட்சா வாங்காதீர்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியர், கிராக்கோவ்): பிள்ளைகள் இரண்டாம் நாளே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

பதில்: தடை போட்டால் கேட்கமாட்டார்கள். பணியை மொழியால் பிரியுங்கள். சந்தையில் பொருள் வாங்கும் சீட்டு விருந்தாளியின் கையில், பணம் வீட்டுப் பிள்ளையின் கையில். காலை ஒரு மொழி, மாலை மற்றது. ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்தலாம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் மட்டும். பயணத்துக்கு முன், ஐரோப்பியப் பாடசாலைகளை இணைக்கும் இ-ட்வினிங் இணையத் தளத்தில் மூன்று கிழமை குரல்பதிவு மாற்றிக்கொண்ட குழு முதல் நாளே பேசும். 2005 முதல் இருக்கும் தளம் அது, ஆசிரியருக்கு இலவசம்.

கேள்வி (ஒரு தாய், ஒஸ்லோ): மூன்றாம் நாள் இரவு அழுதுகொண்டு அழைத்தால் போய்க் கூட்டி வரலாமா?

பதில்: மூன்றாம் இரவு வழக்கமான இரவுதான், பெரும்பாலும் ஐந்தாம் நாள் தெளிந்துவிடும். அழைப்பை மாலையில் பத்து நிமிடம் என்று முதலிலேயே பேசிவையுங்கள். படுக்கும் நேரத்து வீடியோ அழைப்பு அழுகையைக் கூட்டும். ஆனால் பயமாக இருக்கிறது, யாரோ தொட்டார்கள், குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்கள் என்று சொன்னால் காலைவரை காத்திராமல் கூடப் போன ஆசிரியரை அழையுங்கள். வீடு மாற்றுவது அவர் பொறுப்பு, அதற்கென்று ஒரு மாற்று வீடு முன்பே குறித்திருக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்திலேயே கேளுங்கள்.

கேள்வி (ஒரு மாணவி, சூரிச்): அந்த வீட்டுக்கு என்ன பரிசு கொண்டுபோவது?

பதில்: பத்து, பதினைந்து யூரோவுக்குள், உன் ஊரில் செய்தது, கைப்பையில் அடங்குவது. விமானம் என்றால் தேன், ஜாம் இரண்டும் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள். சாக்லேட் பாதுகாப்பானது, ஜூன் மாதப் பேருந்துப் பயணம் தவிர.