தெரு வாட்ஸ்அப் குழுவில் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் பற்றி எவ்வளவு வாதாடியும் யாரும் மாறுவதில்லையே, ஏன்?

நூறு பேர் பார்க்கும்போது கருத்தை விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும். அதனால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். குழுவில் நீங்கள் எழுதுவது எதிராளிக்கு அல்ல, வாய் திறக்காமல் படிக்கிறவர்களுக்கு. எனவே கிண்டல் வேண்டாம். தகவல் முழுசாக இருக்கட்டும்.

இந்தச் சாலைக்கு "கோர்ட்டே தடை போட்டாச்சு" என்று இன்னமும் எழுதுகிறார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது உண்மைதான். ஆனால் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடரலாம் என்றது. பாதியை மட்டும் சொன்னால், மீதியோடு ஒருவர் வந்து நிற்பார். உங்கள் நியாயமான வாதமும் அதோடு போச்சு.

அப்புறம், நிலம் போகிறவரிடம் பயண நேரக் கணக்கு எடுபடாது (எனக்கே எடுபடாது). சேலம் அருகே குப்பனூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு எதுங்க பயமா இருக்கு?" என்று கேளுங்கள். இழப்பீடா, கிணறா, அடுத்த தலைமுறையா என்று தெரிந்த பிறகு பேச்சைத் தொடங்கலாம்.