நாய் பூனைகளோடு பிரான்சுக்குக் குடிபோவது: கேள்வி பதில்

இரண்டு நாய், மூன்று பூனைகளோடு லாஸ்பேட்டையிலிருந்து பிரான்சுக்குக் குடிவந்தவள் நான். புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி (வில்லியனூர்): அக்கா, இப்போது ஏப்ரல். ஜூனில் கிளம்புகிறோம். எங்கள் இரண்டு நாய்களுக்கும் இன்னும் சிப்கூட வைக்கவில்லை. கூடவே கூட்டிப்போக முடியுமா?

பதில்: ஜூனில் முடியாது, தங்கச்சி. முதலில் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் சின்ன அடையாளச் சில்லு), அதற்குப் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பு சக்தி 0.5 IU/ml (ஆய்வக அறிக்கையில் வரும் அளவு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். ஆக, எப்படிப் பார்த்தாலும் நாலு மாதம். வீட்டுக்காரர் முதலில் போகட்டும், நீங்கள் நாய்களோடு செப்டம்பரில் போங்கள்.

வரிசை மட்டும் மாறிவிடக் கூடாது. எங்கள் நாய் மணிக்கு ஊசி முதலில், சிப் அப்புறம் என்று ஆகிவிட்டது. மருத்துவரும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஊசி கணக்கில் வராது என்றார்கள். மறுபடி போட்டு, முதலிலிருந்து நாள் எண்ணினோம்.

கேள்வி: விசா இன்னும் வரவில்லை. இப்போதே இரத்தப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: தாராளமாக. அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டு வந்தால் அந்த முடிவு எப்போதும் செல்லும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): என்னிடம் ஆறு பூனைகள்.

பதில்: ஒருவர் ஐந்து வரைதான் கொண்டுபோகலாம், அதற்கு மேல் போனால் வணிக விதிகள் வந்துவிடும். கணவனும் மனைவியும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பச்சைக்கிளி?

பதில்: நம் ஊர்க் கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: விமானத்தில் பயப்படாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே போனதும் மூச்சும் இரத்த அழுத்தமும் தடுமாறும், பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இரண்டு மாதம் முன்பே கூண்டை வாங்கி, கதவைத் திறந்தபடி கூடத்தில் வையுங்கள். உங்கள் பழைய புடவையை விரித்து, சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். நின்று, திரும்பி, படுக்க இடம் இருக்க வேண்டும். அப்புறம் கூண்டோடு காரில் ஏற்றி ஈசிஆரில் மரக்காணம் வரை போய் வாருங்கள். எப்படியும் சென்னை வரை காரில்தானே போகப் போகிறீர்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள்.

கேள்வி: கடைசி வாரத்தில் என்ன வேலை?

பதில்: சென்னை பள்ளிக்கரணையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. அங்கே உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் பிரான்சில் இறங்கிவிட வேண்டும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): எங்கள் நாய்க்கு 13 வயது. விட்டுப் போகவும் மனசில்லை, தாங்குமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிடுங்கள், அண்ணா. மருத்துவர் தயங்கினால் கூட்டிப்போகாதீர்கள். அதற்குப் பழகிய வீடு, பழகிய வாசல், கூடவே உங்கள் அம்மாவோ தம்பியோ இருந்தால் போதும். சரி என்றால் கூட்டிப்போங்கள். எங்கள் மணிக்குப் பதினொன்று. இறங்கியதும் தண்ணீர் குடித்துவிட்டு, என் காலடியில் படுத்துத் தூங்கிவிட்டான்.