ரொமாரியோவின் ஆயிரம் கோல்: கேள்வியும் பதிலும்

கேள்வி: பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ ஆயிரம் கோல் அடித்தார் என்கிறார்கள். எழுநூற்றுச் சொச்சம்தான் என்றும் சொல்கிறார்கள். எது சரி சார்?

எதையெல்லாம் சேர்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். 2007 மே 20 அன்று ரியோ கிளப்பான வாஸ்கோ ட காமாவின் சொந்த மைதானமான சாவ் ஜனுவாரியோவில், ஸ்போர்ட் ரெசிஃபே அணிக்கு எதிராகப் பெனால்டியில் அடித்ததை அவர் ஆயிரமாவது கோலாகக் கொண்டாடினார். இளையோர் அணிக்காக அடித்தவை, நட்பு ஆட்டங்களில் அடித்தவை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றைக் கழித்துவிட்டுப் போட்டி ஆட்டங்களை மட்டும் எடுத்தாலும் 700ஐத் தாண்டும்.

ஆயிரம் என்ற எண் அவருக்கு நல்லது செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு, பிரேசிலுக்காக 70 ஆட்டங்களில் 55 கோல், நெதர்லாந்து லீக்கில் 109 ஆட்டங்களில் 98 கோல் என்கிற கணக்கை மறந்துவிடுகிறோம். அவர் யாரென்று சொல்லும் கணக்கு அதுதான்.

கேள்வி: எந்தெந்த கிளப்புக்கு ஆடினார்? வரிசையாகச் சொல்ல முடியுமா?

1985-ல் வாஸ்கோ. 1988-ல் நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன், 1993-ல் பார்சிலோனா, 1995 ஜனவரியில் ரியோவுக்குத் திரும்பி ஃபிளமெங்கோ. நடுவில் வாலன்சியாவுக்கு இரண்டு முறை போனார், இரண்டுமே நிலைக்கவில்லை. 2000-ல் மறுபடி வாஸ்கோ, 2002-ல் ஃபுளூமினென்சே. 2003-ல் கத்தாரின் அல் சாத், கொஞ்ச நாள்தான். 2005-ல் மீண்டும் வாஸ்கோவுக்கு ஆடி, 39 வயதில் 22 கோலுடன் பிரேசில் லீக்கில் அதிக கோல் அடித்தவரானார். 2006-ல் அமெரிக்காவில் மயாமி எஃப்சி, அந்த ஆண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் யுனைடெட். அங்கே 4 ஆட்டம், 1 கோல்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பந்தைப் பிடித்துத் தரப் பின்னால் ஆட்கள் உழைத்த அணிகளில் கோல் குவிந்தது. 1995-ல் ஃபிளமெங்கோ தன் நூற்றாண்டுக்காக ரொமாரியோ, எட்முண்டோ, சாவியோ மூவரையும் முன்வரிசையில் நிறுத்தியது. மூவரும் பந்துக்காகக் காத்திருப்பவர்கள். அந்த ஆண்டு ரியோ மாநிலப் பட்டத்தையும் ஃபிளமெங்கோ கடைசி ஆட்டத்தில் ஃபுளூமினென்சேயிடம் 3-2 என்று இழந்தது. ஃபுளூமினென்சே வீரர் ரெனாட்டோ கவுச்சோவின் வயிற்றில் பட்டுப் போன பந்துதான் அந்த வெற்றி கோல்.

கேள்வி: பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கால் நுனியால் அடிக்காதே என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறோம். ரொமாரியோ அதையே ஆயுதமாக வைத்திருந்தாரே, எப்படி?

நல்ல கேள்வி. பாதத்தின் மேற்பகுதியால் அடிக்கக் காலைப் பின்னால் ஓங்க வேண்டும். அந்த அரை நொடியில் கீப்பர் காலை ஊன்றி நின்றுவிடுவார். நுனிக்கால் உதைக்கு ஓங்கலே கிடையாது. ஓடுகிற நடையிலேயே ஒரு அடி உதையாகிவிடும். 1994 உலகக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராக சக வீரர் துங்கா கொடுத்த பந்தைத் துரத்திப் போய் அவர் அடித்த கோலைப் பாருங்கள். உதை வந்ததே கீப்பருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

செய்முறை: ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி வையுங்கள். கணுக்காலை இறுக்கி, விரல்களைச் சற்றே மேல்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து வீச வேண்டாம், முழங்காலிலிருந்து மட்டும் வெட்டென்று நீட்ட வேண்டும். பந்தின் நட்டநடுவில் குத்துங்கள். படுகிற இடம் சிறியது என்பதால் ஒரு விரல் அகலம் விலகினாலே பந்து பக்கவாட்டில் ஓடும். அடியில் பட்டால் கம்பத்துக்கு மேலே போகும். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இதை நம்பாதீர்கள். ஷூ தளர்வாக இருந்தால் நகம் கறுத்துப் போகும். வெறுங்காலில் கூடவே கூடாது. முதலில் பாதத்தின் உள்பக்கத்தால் பாஸ் சரியாகப் பழகிய பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் நுனியாலேயே அடிக்க ஆரம்பித்துவிடுவான்.

கேள்வி: 1994-ல் உலகக் கோப்பை ஜெயித்தும் ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது கிடைக்காதது ஏன்? அரசியலா?

இல்லை, விதிமுறை. அதுவரை ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டும்தான் அந்த விருது. 1995-ல்தான் ஐரோப்பிய கிளப்பில் ஆடும் மற்ற நாட்டவருக்கும் திறந்துவிட்டார்கள். 1994-ல் அவருடைய பார்சிலோனா சகா ஸ்டோய்ச்கோவ் அதைப் பெற்றார். ஃபிஃபாவின் உலகச் சிறந்த வீரர் விருது ரொமாரியோவுக்கே கிடைத்தது.

கேள்வி: இவ்வளவு திறமை, ஆனால் ஒரே ஒரு உலகக் கோப்பையில்தானே ஜொலித்தார்?

1990-ல் போட்டிக்குச் சில மாதம் முன்பு கால் எலும்பு முறிந்தது. ஸ்காட்லாந்துடன் ஒரு ஆட்டத்தில் மட்டும் இறங்கினார். 1998-ல் கெண்டைக்கால் தசைக் காயம் என்று அணியிலிருந்து நீக்கினார்கள், பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். 2002-ல் பயிற்சியாளர் ஸ்கொலாரி எடுக்கவே இல்லை.

1994கூடக் கைநழுவப் பார்த்தது. 1992 கடைசியில், வெளியே உட்காரவைத்ததற்கு வெளிப்படையாகக் கோபப்பட்டதால் பயிற்சியாளர் பரெய்ரா அவரை ஒதுக்கிவிட்டார். தகுதிச்சுற்றில் பொலிவியாவிடம் 2-0 என்று தோற்று, கடைசி ஆட்டத்தில் உருகுவேயுடன் தோற்கக் கூடாது என்ற நிலை வந்தபோதுதான் திரும்ப அழைத்தார்கள். 1993 செப்டம்பர் 19, மரக்கானா. 2-0, இரண்டுமே ரொமாரியோ. 1994-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 5 கோல், போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து. அரையிறுதியில் ஸ்வீடனின் நெட்டையான டிஃபெண்டர்களுக்கு நடுவே ஏறக்குறைய 1.68 மீட்டர் உயர மனிதர் தலையால் அடித்தார் என்றால், சக வீரர் ஜோர்ஜீனோவின் கிராஸ் எங்கே விழும் என்பதை அவர்களுக்கு முன்பே கண்டுகொண்டதுதான் காரணம். உயரம் அங்கே ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: நேரமே இல்லை அண்ணா. இரண்டு ஆட்டம் மட்டும் சொல்லுங்க, பார்த்துவிடுகிறேன்.

1994 ஜனவரி 8, பார்சிலோனா 5, ரியல் மாட்ரிட் 0. ரொமாரியோ மூன்று. முதல் கோலில் கோலுக்கு முதுகைக் காட்டியபடி குவார்டியோலாவின் பாஸை வாங்குகிறார். பந்தை வலது காலோடு ஒட்டவைத்து அரைவட்டமாக இழுத்துத் திரும்ப, மாட்ரிட் டிஃபெண்டர் அல்கோர்ட்டா அங்கேயே நின்றுவிடுகிறார். ஸ்பானியர்கள் அதைப் 'பசுவின் வால்' என்பார்கள். அந்த லீக்கில் 33 ஆட்டம், 30 கோல்.

இன்னொன்று 2000 டிசம்பர் 20, தென் அமெரிக்க கிளப்புகளின் மெர்கோசூர் கோப்பை இறுதி, எதிரணி பால்மெய்ராஸின் மைதானம். இடைவேளையில் வாஸ்கோ 3-0 பின்தங்கியது, பிறகு ஒரு ஆளையும் சிவப்பு அட்டையில் இழந்தது. ரொமாரியோ பெனால்டியில் இரண்டு, ஜுனீனியோ பவுலிஸ்டா ஒன்று. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துத் தந்த நிமிடங்களில், பெனால்டி பெட்டிக்குள் சிதறிய பந்தை மறுபடி ரொமாரியோ உள்ளே தள்ள, 4-3. முதல் பாதியைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். அந்த 45 நிமிடமும் அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.