மலேசியக் குடிமகன், வயது 68. காரைக்குடியில் நிரந்தரமாகத் தங்கப் போகிறேன். இங்கே மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?

சுகர், பிபி இருக்கிறது, ஐந்து வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும் ஐயா. 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி எடுக்க முடியாது என்ற பேச்சு 2024 ஏப்ரலோடு போயிற்று. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது.

ஆனால் எந்தக் கம்பெனி நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் வரை கம்பெனி கிளெய்ம் தராமல் இருக்கலாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மாதம். முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டும்தான். மலேசியாவில் இருபது வருடம் பிரீமியம் கட்டியிருந்தாலும் அது இங்கே கணக்கில் வராது. பாலிசியை மாற்றிக்கொள்ளும் போர்ட்டிங் வசதி இந்தியக் கம்பெனிகளுக்குள் மட்டும்தான்.

அதனால் குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போதே மெடிக்கல் டெஸ்ட்டை முடித்துப் பாலிசியைப் போட்டுவிடுங்கள். நீங்கள் கோலாலம்பூரில் இருந்தாலும், விடாமல் புதுப்பித்துவந்தால், 36 மாதக் கணக்கு இங்கே ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வருபவர்கள் பலரும் முதலில் வளவு வீட்டுக்கு ஓடு மாற்றுவார்கள், காப்பீட்டைக் கடைசியில்தான் நினைப்பார்கள்.

பேப்பர் விஷயம் எளிது: பாஸ்போர்ட், ஓசிஐ, பான் (இல்லையென்றால் பான் இல்லை என்ற உறுதிமொழிப் படிவம்), உள்ளூர் முகவரிச் சான்று. இந்தக் கடைசி ஒன்றுதான் நம் பக்கத்தில் இழுக்கும். பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, கரண்ட் பில் இன்னும் தாத்தா பெயரில் வரும். வங்கிக் கணக்கின் முகவரியைக் காரைக்குடிக்கு மாற்றி, அந்தப் பாஸ்புக்கைக் கொடுப்பது சுலபமான வழி. ஓசிஐ உள்ளவர் ஒரு வருடத்தில் 182 நாள் இங்கே தங்கிவிட்டால் ஆதாருக்கும் விண்ணப்பிக்கலாம். அரசுத் திட்டங்களை நம்ப வேண்டாம்: முதலமைச்சர் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும், 70 வயதானவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் இந்தியக் குடிமக்களுக்கு.

கிளெய்ம் கவிழ்வது பெரும்பாலும் புரபோசல் ஃபாரத்தில்தான், அதாவது பாலிசிக்கான விண்ணப்பப் படிவத்தில். ஏஜென்ட் அவசரத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' போட்டுவிடுவார். விடாதீர்கள், நீங்களே நிரப்புங்கள். ஸ்டென்ட் வைத்த மாதம், எத்தனை ஸ்டென்ட், சுகர் எந்த வருடம் தெரிந்தது, இப்போது சாப்பிடும் மாத்திரை என எல்லாவற்றையும் எழுதி, மலேசிய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணைத்து, மொத்தத்துக்கும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தத் தேதிகள் தெரிய வேண்டும். ராத்திரி கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்பார். கூட வந்த தம்பி மகன் "பதினஞ்சு வருஷமா இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வான். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். ஃபாரத்தில் எட்டு வருடம் என்றிருந்தால், நோயை மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க அந்த ஒரு வரி போதும். பாலிசி 60 மாதம் தொடர்ந்து நடந்த பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய, இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

ஒரே நேரத்தில் நாலு கம்பெனிக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம். "முன்பு யாராவது மறுத்தார்களா?" என்று ஃபாரத்திலேயே கேட்பார்கள். ஸ்டென்ட் உள்ளவரை எடுப்பார்களா என்று ரிப்போர்ட்டைக் காட்டி விசாரித்துவிட்டு ஒன்றில் போடுங்கள்.

பாலிசியைப் படிக்கும்போது முதலில் கோ-பே, அதாவது பில்லில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு. முதியோருக்கென்றே வரும் சில பாலிசிகளில் இது 30 சதவீதம். நாலு லட்சம் பில்லில் 1,20,000 உங்கள் கையிலிருந்து போகும். அடுத்தது அறை வாடகை. நாளுக்கு 5,000 என்று வரம்பு வைத்து, 8,000 ரூபாய் அறையில் படுத்தால் அந்த 3,000 மட்டும்தான் நஷ்டம் என்று நினைப்பார்கள். இல்லை. டாக்டர், சர்ஜன், தியேட்டர், நர்சிங் கட்டணங்களிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். அவை 1,60,000 ஆனால் கிடைப்பது ஒரு லட்சம். மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே வைக்கும் பொருள், லேப் டெஸ்ட், ஐசியூ இவற்றில் அப்படிக் குறைக்கக் கூடாது, குறைத்திருந்தால் கேளுங்கள். முடிந்தவரை அறை வரம்பே இல்லாததாக எடுங்கள்.

சில பாலிசிகளில் மண்டலம் பிரித்துப் பிரீமியம் போடுவார்கள். காரைக்குடி முகவரிக்குக் குறைவாக வரும், ஆனால் சென்னையில் போய்ப் படுத்தால் தனியாக ஒரு கோ-பே விழும். மதுரை, திருச்சியோடு முடித்துக்கொள்வீர்களா, சென்னையில் இருக்கும் மகள் கூட்டிப்போய்விடுவாளா என்று யோசித்து முடிவெடுங்கள். ஆம்புலன்ஸ் வரம்பும் பாருங்கள்: எல்லாக் கம்பெனியும் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனியில் அது 2,000 ரூபாய்தான். இங்கிருந்து மதுரைக்கு வென்டிலேட்டர் வண்டி அந்தப் பணத்துக்கு வராது.

நெட்வொர்க் பட்டியலை (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகள்) ஏஜென்ட் தரும் தாளில் பார்க்காமல், நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கே போன் போட்டு, "இந்தக் கம்பெனிக்கு இப்போ கேஷ்லெஸ் உண்டா?" என்று கேளுங்கள், அதாவது பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுமா என்று. கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 விதி.

ஐந்து லட்சம் அடிப்படைப் பாலிசியும், அதற்கு மேல் போகும் செலவுக்குச் சூப்பர் டாப்-அப்பும் எடுப்பது பெரிய பாலிசி ஒன்றைவிடப் பெரும்பாலும் மலிவு. வெறும் டாப்-அப் வேண்டாம், அது ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியாகப் பார்க்கும், சூப்பர் டாப்-அப் வருடத்தின் கிளெய்ம்களைக் கூட்டிப் பார்க்கும்.

அந்த 36 மாதத்துக்கு இதயச் செலவு உங்களுடையதுதான். ஏழெட்டு லட்சத்தை டெபாசிட்டில் தனியாக வையுங்கள். என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) உள்ளூர்க்காரரைக் கூட்டாகச் சேர்த்தாலும், நீங்கள் இருக்கும்வரை அவரால் பணம் எடுக்க முடியாது. அதற்கு வங்கியில் மேண்டேட் (அவர் எடுக்கலாம் என்ற அனுமதிக் கடிதம்) கொடுக்க வேண்டும். குடிவந்ததும் அதைச் சாதாரணக் கணக்காக மாற்றி, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள்.