ஏற்றத்தில் எரியும் செக் என்ஜின் விளக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது பெட்ரோல் கார், 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது செக் என்ஜின் விளக்கு எரிகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேனரில் பி0014 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. எக்ஸாஸ்ட் பக்கத்து வால்வு சாலினாய்டை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
*— வாசகர், கம்பம்*

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள்.

புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகளைத் திறப்பது ஒரு கேம் ஷாஃப்ட். அது திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்த, அதன் முனையில் ஃபேசர் என்ற உருளை இருக்கிறது. அதை நகர்த்துவது என்ஜின் ஆயிலின் அழுத்தம். அந்த ஆயிலைத் திறந்துவிடும் மின்சார வால்வுதான் சாலினாய்டு. பெரும்பாலான என்ஜின்களில் எக்ஸாஸ்ட் ஃபேசர், சும்மா இருக்கும்போது, முன்கூட்டித் திறக்கும் நிலையில் பூட்டிக்கொண்டிருக்கும். ‘பின்னால் நகர்’ என்று கம்ப்யூட்டர் சொல்லியும் நகராவிட்டால் பி0014 விழும். ஆக, இந்தக் கோடு சொல்வது ‘நகரவில்லை’ என்பதை மட்டுமே. ஏன் நகரவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும்.

உங்களுக்கு ஏற்றத்தில் மட்டும் வருவது நல்ல துப்பு. ஆயில் குறைவாக இருந்தால், செங்குத்தான வளைவுகளில் அது சம்ப்பின் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். சூட்டில் ஆயில் இளகி அழுத்தமும் தணிந்திருக்கும். முதலில் வாடுவது ஃபேசர்தான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அணைத்து 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். பல கார்களில் குச்சியின் மேல், கீழ்க் குறிகளுக்கு இடையே சுமார் 1 லிட்டர். மட்டம் கீழ்க் குறியில் இருந்தால் ஊற்றிவிட்டு அதே மலையை ஏறிப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

‘மலை ஏறுகிற வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது’ என்று 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் உண்டு. கையேட்டில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 போட்டிருக்கும் என்ஜினுக்கு இது கெடுதல். ஃபேசருக்குப் போகும் துளைகள் மிகச் சிறியவை. கெட்டி ஆயில்தான் காரணம் என்றால், கோடு மலையில் வருவதைவிடக் காலையில் குளிர்ந்த என்ஜினை எடுத்தவுடனே வரும்.

ஆயில் சரி என்றால் லைவ் டேட்டா (என்ஜின் ஓடும்போதே அளவுகள்) காட்டும் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். சூடான என்ஜினை 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்து, எக்ஸாஸ்ட் கேமுக்குக் கம்ப்யூட்டர் கேட்ட கோணத்தையும் அதன் உண்மைக் கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டும். கேட்டது மாறியும் உண்மைக் கோணம் அசையாமல் நின்றால் சாலினாய்டுக்கு வரலாம். கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். பல ஜப்பானிய கார்களில் 20 டிகிரி சூட்டில் 7 ஓம் அளவில் இருக்கும். உங்கள் மாடலுக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது.

அளவு சரியாக இருந்தாலும் உள்ளே முன்பின் நகரும் ஸ்பூல் என்ற தண்டு சிக்கியிருக்கலாம். சாலினாய்டைக் கழற்றி 12 வோல்ட்டை ஓரிரு விநாடி மட்டும் தொட்டுக் காட்டுங்கள். ஸ்பூல் சட்டென்று பாய வேண்டும். அதற்கு மேல் வைத்தால் சுருள் கருகும். வலைச் சல்லடை இருந்தால் அதில் கசடு அடைத்திருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டர் கிளீனரில் கழுவி, ஓ-ரிங் புதிதாகப் போட்டு, அதில் ஆயில் தடவி மாட்டினாலே சில வண்டிகள் சரியாகும். சில என்ஜின்களில் இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்கம்), எக்ஸாஸ்ட் சாலினாய்டுகள் ஒரே பார்ட் நம்பரில் வரும். அப்படியிருந்தால் இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோடு இன்டேக் பக்கத்துக்கு (பி0011 அல்லது பி0012) மாறினால் சாலினாய்டுதான் குற்றவாளி. மாறாவிட்டால் ஃபேசரையோ ஆயில் துளையையோ சந்தேகப்படுங்கள். கூடவே பி0017 (கேம் ஷாஃப்ட்டும் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒத்துப்போகவில்லை) வந்தால், இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா அல்லது பல் தாண்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை ஓட்டவே கூடாது.

கேள்வி: டீசல் கார். புளியரை எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது கறுப்புப் புகை, இழுவையும் இல்லை. பி0402 வருகிறது. ஈ.ஜி.ஆர். வால்வை (புகையில் ஒரு பங்கை என்ஜினுக்குத் திருப்பி அனுப்புவது) தகடு வைத்து அடைத்துவிடலாம் என்கிறார்கள்.
*— வாசகர், செங்கோட்டை*

பதில்: அடைக்காதீர்கள். அது புகை விதிக்குப் புறம்பானது. பல வண்டிகளில் உடனே பி0401 (திரும்பும் புகை போதவில்லை) விழுந்து வேறு தொல்லை தொடங்கும்.

பி0402 என்றால் புகை தேவைக்கு மேல் என்ஜினுக்குத் திரும்புகிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. பல டீசல் என்ஜின்களில் அது புகையை நேராக அளப்பதில்லை. புதுக்காற்று எவ்வளவு குறைந்தது என்று ஏர் ஃப்ளோ சென்சாரைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது. அழுக்கான சென்சாரும் அடைத்த ஏர் ஃபில்டரும் காற்றைக் குறைத்துக் காட்டி அதே கோடைக் கொண்டுவரும். எனவே முதலில் ஃபில்டர். அடுத்து, சென்சாரை அதற்கான கிளீனரால் மட்டும் கழுவுங்கள். விரலோ துணியோ படக்கூடாது. அதற்குப் பிறகே வால்வு. கார்பன் படிந்து முழுதாக மூடாமல் நின்றால், உலோகப் பாகத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் பக்கம் திரவம் இறங்கினால் புது வால்வுதான் வாங்க வேண்டிவரும். கேஸ்கெட் புதிது போடுங்கள். மின்மோட்டார் வால்வாக இருந்தால், மூடும் நிலையை ஸ்கேனரில் மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: ஒரு வாரம் நிறுத்தியிருந்த காரை எடுத்ததும் பி0013 வருகிறது. ஆயில் புதிது.
*— வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: இது ஆயில் சம்பந்தப்பட்டதல்ல, மின்சுற்றுக் கோடு. எலி கடித்திருக்கிறதா என்று எக்ஸாஸ்ட் சாலினாய்டின் ஒயரை முழு நீளமும் தடவிப் பாருங்கள். கனெக்டருக்குள் ஆயில் ஏறியிருந்தால் சாலினாய்டின் சீல் போயிற்று. ஒயர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.