ஷின்சானின் ஜப்பானியம் – கடிதம்

ஐயா,

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் வேலை பார்க்கிறேன். வயது 26. மூன்று வருடமாக ஆங்கில சப்டைட்டிலோடு அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பார்க்கிறேன். அந்த ஆசையில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்து, போன டிசம்பரில் அதன் தொடக்கநிலைத் தேர்வான என்5உம் தேறினேன். சென்ற மாதம் ஜப்பானிலிருந்து ஒரு மூத்த பொறியாளர் வந்தார். நானே முன்னால் போய் “ஒரே வா...” என்று என்னை அறிமுகம் செய்துகொண்டு, “ஒமாஏ வா?” என்று அவரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, இனிமே இப்படிப் பேசிடாதே” என்றார். வகுப்பு ஆசிரியையோ டிவி பார்ப்பதையே நிறுத்து என்கிறார். மூன்று வருடமும் வீணா? நீங்கள் ஜப்பானியம் படித்ததைப் பற்றி எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்காவது பொறியாளர். நான் மாட்டியது ஆசிரியையிடம். ஐம்பது தாண்டி வகுப்பில் சேர்ந்தவன். ‘நீங்கள்’ என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ‘அனாதா’ என்று போட்டிருந்தது. என்னைவிட இருபது வயது இளைய ஆசிரியையிடம் “அனாதா...” என்று ஒரு கேள்வியை ஆரம்பித்தேன். அவர் முகம் போன போக்கின் காரணம் அன்று புரியவில்லை. பிறகு ஒரு குடும்பத் தொடரில் மனைவி சமையலறையிலிருந்து “அனாதா!” என்று கணவனைக் கூப்பிட்டாள். அட, இது நம்மூர் ‘என்னங்க’! ஜப்பானியர்கள் எதிரில் இருப்பவரை ‘நீங்கள்’ என்று சுட்டுவதே அபூர்வம். பெயரோடு ‘சான்’, ஆசிரியர் என்றால் ‘சென்செய்’, அலுவலகத்தில் பதவிப்பெயர். “அப்பா சாப்பிட்டாச்சா?” என்று அப்பாவிடமே நாம் கேட்பதில்லையா, அதேதான். புத்தகம் விட்டதை எனக்கு டிவிதான் சொல்லிக்கொடுத்தது. ஆகவே உங்கள் ஆசிரியையோடு நான் உடன்படவில்லை.

சிக்கல், நீங்கள் யாருடைய பேச்சைப் பிடித்துக்கொண்டீர்கள் என்பதில். ‘ஒரே’ என்பது ஆண்கள் நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ‘நான்’. ‘ஒமாஏ’ கிட்டத்தட்ட ‘நீடா’. அனிமே வில்லன்கள் உறுமும் ‘கிசாமா’ இன்னும் வேடிக்கை. எழுத்தைப் பார்த்தால் மரியாதைச் சொல், ஒரு காலத்தில் மரியாதையாகவே வழங்கியதும்கூட. இன்று அது வசை.

சதோஷி கின்சுய் என்ற ஜப்பானிய மொழியியலாளர் இதற்கு ‘யகுவாரிகோ’ என்று பெயர் வைத்து 2003இல் ஒரு புத்தகமே எழுதினார். பாத்திரப் பேச்சு என்று சொல்லலாம். அனிமேயில் வரும் கிழ விஞ்ஞானி தன்னை ‘வஷி’ என்பார், வாக்கியத்தை ‘ஜா’ என்று முடிப்பார். தோக்கியோவில் ரயிலுக்கு நிற்கும் தாத்தா அப்படிப் பேசமாட்டார். நம்மிடமும் இது உண்டு. புராணப் படங்களைப் பார்த்தே தமிழ் கற்ற ஒருவர் டீக்கடையில் வந்து “யாரங்கே! ஒரு தேநீர் கொணர்க!” என்றால் எப்படி இருக்கும்? நீங்கள் செய்தது அதைத்தான்.

தமிழ் டப்பிங்கில் நீங்கள் சிறுவயதில் பார்த்திருக்கக்கூடிய கார்ட்டூன் பையன் ஷின்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அவன் தன்னை ‘ஒரா’ என்பான், பட்டிக்காட்டு வாடை அடிக்கும் ‘நான்’. வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறவன் ‘தடைமா’ என்று சொல்லவேண்டும், வீட்டில் இருப்பவர் ‘ஒகாஏரி’ என்று வரவேற்கவேண்டும். இவன் நுழையும்போதே ‘ஒகாஏரி’ என்பான், அம்மா திருத்துவாள். வந்த விருந்தாளியே “வாங்க வாங்க” என்பதுபோல. சரியானது எது என்று தெரிந்தவனுக்குத்தான் அங்கே சிரிப்பு வரும். தெரியாதவன் தப்பையே பாடம் செய்துகொள்வான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ‘ஹஜிமேதே நோ ஒட்ஸுகாய்’ பாருங்கள். நிப்பான் டிவியில் 1991 முதல் வருகிறது. சின்னஞ்சிறு குழந்தைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்புவார்கள். அம்மா வாங்கவேண்டியதை நாலு தடவை சொல்கிறாள், குழந்தை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பாதியை மறக்கிறது, கடைக்காரர் பொறுமையாகத் திரும்பக் கேட்கிறார். ஆரம்பநிலைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? கேளிக்கை நிகழ்ச்சிகளும் நல்லவை. பேசுவதில் முக்கால்வாசியைத் திரையிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள். அதற்கு ‘தெரொப்பு’ என்று பெயர். ‘காஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகளைப் பழக அதுவே போதும். ‘ஓஷின்’ பெரிய தொடர்தான், 1983இல் நாடே உட்கார்ந்து பார்த்தது. ஆனால் குட்டி ஓஷின் பேசுவது யாமகதா வட்டார வழக்கு. இப்போது வேண்டாம்.

இதைவிட முக்கியமாக, அந்த ஆங்கில சப்டைட்டிலைத் தூக்கிப்போடுங்கள். ஜப்பானியன் நம்மைப்போலவே வினையைக் கடைசியில்தான் வைப்பான். “நேற்று நண்பனோடு அந்தக் கடையில் ராமென்...” என்பதுவரை வந்து இழுப்பான். சாப்பிட்டானா இல்லையா என்று காது காத்திருக்கவேண்டிய இடம் அது. ஆங்கில எழுத்து அதற்குள் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகிறது. பிறகு காதுக்கு என்ன வேலை?

நமக்கு ஆங்கிலப் பாலம் எதற்கு என்றே கேட்கிறேன். ‘தபெதே மிரு’: தபெதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார்! ‘தபெதே ஷிமத்தா’ சாப்பிட்டுவிட்டேன். ‘கத்தே ஒகு’ வாங்கி வை. துணைவினை வந்து உட்காரும் இடம்கூட மாறவில்லை. ‘தொ ஒமொஉ’ என்பதை ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் ‘-ன்னு நினைக்கிறேன்’. கொரே, ஸொரே, அரே, டொரே நான்கையும் வகுப்பில் ஓர் யாழ்ப்பாணத்து நண்பர்தான் சட்டென்று பிடித்தார். இது, உது, அது, எது. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் ‘உது’வை நாம் தொலைத்துவிட்டோம், அவர்கள் வீட்டில் இன்னும் புழங்குகிறது.

(தமிழிலிருந்தே ஜப்பானியம் வந்தது என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ வாதாடியதும், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்காததும் தனிக் கதை. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. தயவுசெய்து அதைப் பற்றிக் கடிதம் எழுதாதீர்கள்.)

இந்த ஒட்டுதல் எனக்கு உறைத்தது ஒரு தொடரில் பள்ளிக்குக் கிளம்பும் பையன் வாசலில் நின்று “இத்தே கிமாஸ்” என்றபோது. இத்தே, போய். கிமாஸ், வருகிறேன். உள்ளிருந்து அம்மா “இத்தெராஷ்ஷாய்” என்கிறாள், போயிட்டு வா. கிளம்புகிறவன் வெறுமனே ‘போறேன்’ என்றால் என் பாட்டி விளக்குமாற்றை எடுப்பாள். கீழே ஓடிய ஆங்கில வரியில் பையன் போவது மட்டும்தான் இருந்தது, வருவது இல்லை.

ஒரு குறை டிவியில் உண்டு. அது உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்காது. என்5 முதல் என்1 வரை எந்த நிலையிலும் பேச்சுத்தேர்வு கிடையாது என்பதால் வகுப்பிலும் வாய் திறக்காமலே தேறிவிடலாம். மங்கோலியாவிலிருந்து வந்த சுமோ வீரர்கள் பேட்டியில் சரளமாகப் பேசுவதைப் பாருங்கள். பதின்வயதிலேயே பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே சமைத்து, உண்டு, மூத்தவர்களிடம் திட்டு வாங்கிப் படித்த மொழி அது. உங்களுக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே! ‘தம்பி’ என்று கூப்பிட்டுத் திருத்துகிற மனிதரை விட்டுவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள், டீ உங்கள் செலவு.

பொறியாளர் மறுபடி வந்தால் ‘வதாஷி’ என்று தொடங்குங்கள், அவர் பெயரோடு ‘சான்’ சேருங்கள், போதும். பழையதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம். இந்நேரம் அவர் ஊரில் அதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்.