பாளையங்கோட்டை மாடியில் தொட்டித் தக்காளி காய்க்குமா?

சித்திரையில் தக்காளிப் பூ ஏன் உதிர்கிறது, சின்ன மாடியில் வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில்தான் முதல் காரணம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். ஐப்பசியில் விதையுங்கள், தை, மாசியில் காய் பறிக்கலாம். கோடைக்குக் கத்தரியும் வெண்டையும் வையுங்கள்; தொட்டி 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். கீரைக்கு அதில் பாதி போதும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றுதான் நம் பக்கத்துப் பெரிய சோதனை. வெயில் மங்கிய நாளிலும் தொட்டி மண்ணை உலர்த்திவிடும். மேற்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில் தொட்டிகளை நெருக்கி வைத்து, செடிக்குக் குச்சி கட்டுங்கள். செம்மண், மட்கிய தென்னை நார்க்கழிவு, தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் ஈரம் நிற்கும். அடியில் துளை கட்டாயம். கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.